முதல் கடியில் சுளிக்கும் முகம் நிஜமா, நடிப்பா?

மே 3, 2025, மாலை

ஒரு வாசகர் கேட்டது: "வெளிநாட்டுத் தின்பண்டங்களை கேமரா முன்னால் பிரித்து, ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணை உருட்டி, துப்பி, தண்ணீருக்கு ஓடும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் அதெல்லாம் சுத்த நடிப்பு. எந்த மிட்டாயும் அவ்வளவு மோசமாக இருக்க முடியாது. யாராவது நிஜமாகவே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

மே 3, இரவு

சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருக்கும் என் தோழி போன மாதம் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தின்பண்டம் அனுப்பியிருந்தாள். ஃபின்லாந்தின் சால்மியாக்கி என்ற உப்பு மிட்டாய், சீனாவின் வெள்ளை முயல் மிட்டாய், ஜப்பானின் போக்கி என்ற பிஸ்கட் குச்சி, உமைபோ என்ற சோளப் பொரி, ஆஸ்திரேலியாவின் வெஜிமைட் ஒரு சின்ன குப்பி, கொரியாவின் புல்டாக் நூடுல்ஸ், அதற்கு அடியில் எழுத்தே புரியாத பாக்கெட்டுகள் நாலைந்து. பாதிதான் பிரித்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில், பாதி நடிப்பு, பாதி நிஜம். நிஜம் என்று சொல்லக் காரணம் சால்மியாக்கி. கறுப்பாக, சாய்சதுர வடிவில், கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். வாயில் போட்டதும் முதலில் உப்பு. ஆனால் நமக்குப் பழகிய உப்பு இல்லை, மூக்கின் பின்பக்கம் ஏறுகிற ஒரு காரமான நெடி அதோடு சேர்ந்து வருகிறது. அப்புறம் லேசான கசப்பு. ஒரு நிமிடம் பொறுத்தால் அடியிலிருந்து அதிமதுரத்தின் இனிப்பு மெதுவாக எழுந்து வருகிறது. அந்த ஒரு நிமிடம் பொறுப்பதுதான் கஷ்டம். நான் முதல் முறை பத்து விநாடியில் துப்பிவிட்டேன், அப்போது பக்கத்தில் கேமராவும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை.

ஒரு யோசனை. நாக்கின் நுனியில் வைத்தால் இனிப்பு முன்னால் தெரியும், பின்னால் தள்ளினால் கசப்பு தெரியும், ஆகவே நுனியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மே 4, காலை

நேற்றுக் கடைசியில் எழுதியதைத் திருத்த வேண்டும். நாக்கில் இனிப்புக்கு ஓர் இடம், கசப்புக்கு ஓர் இடம் என்று பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். அந்தப் படம் தவறு. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் நாக்கின் ஓரங்களில் சுவை உணரும் திறனில் சின்னச் சின்ன வேறுபாடு இருப்பதாக அளந்தார். 1942-ல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் தன் புத்தகத்தில் அதை வரைபடமாகப் போட்டபோது சின்ன வேறுபாடு பெரிய எல்லைக்கோடு போலத் தெரிய, பிறகு வந்தவர்கள் அதையே பிரதி எடுத்துக்கொண்டே போனார்கள். சுவை மொட்டு இருக்கும் எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நுனியில் வைத்தாலும் சால்மியாக்கி சால்மியாக்கிதான், காலையில் மறுபடி வைத்துப் பார்த்துவிட்டேன்.

மே 4, மாலை

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும், கேள்விக்கு நேரடியான பதில் இதில்தான் இருக்கிறது.

அக்கா மகனுக்குப் பதினொரு வயது. பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து "சித்தி, நாமளும் வீடியோ எடுக்கலாம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். சரி என்று போனை புத்தகங்கள் மேல் சாய்த்துவைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, என்ன சுவை என்று முன்கூட்டி எதுவும் சொல்லாமல் ஒரு சால்மியாக்கியைக் கையில் கொடுத்தேன். வாயில் போட்டான். நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. மெல்லுவது நின்றது. கண் இடது பக்கம் போய் அங்கேயே நின்றது, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பது போல. மூக்கின் ஓரம் மட்டும் ஒருமுறை சுருங்கியது. நாலைந்து விநாடி அப்படியே. பிறகு சத்தமே இல்லாமல் உள்ளங்கையில் எடுத்து, அதைப் பார்த்தான். அவ்வளவுதான்.

வீடியோவைப் போட்டுப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. "மூஞ்சி ஒண்ணுமே பண்ணலை சித்தி, இன்னொரு தடவை எடுக்கலாம்" என்றான். இரண்டாவது முறை நாக்கைத் தொங்கவிட்டான், கழுத்தைப் பிடித்துக்கொண்டான், நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான், நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த இரண்டாவது வீடியோதான் நாம் எல்லோரும் பார்க்கிற வீடியோ. ஆனால் முதலாவது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நிஜமான அதிர்ச்சி முகத்தை உறைய வைக்கிறது, ஆட வைப்பதில்லை.

மே 6

சால்மியாக்கியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டவருக்கு. அதிமதுர வேரின் சாறும், அம்மோனியம் குளோரைடும். நவச்சாரம் என்று நம் பழைய புத்தகங்களில் வருவது அதுதான். ஃபின்லாந்து மட்டுமில்லை, ஸ்வீடன், டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, நெதர்லாந்து எல்லா இடத்திலும் இந்த உப்பு அதிமதுர மிட்டாய்க்கு உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் இரட்டை உப்பு என்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள்.

சமையல் உப்பான சோடியம் குளோரைடை நாக்கு அறியும் வழி வேறு, இதை அறியும் வழி வேறு. 2023-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எமிலி லைமனின் குழு இதற்கு ஒரு விடை சொன்னது. புளிப்பை உணர நாக்கின் செல்களில் ஓட்டாப் 1 என்றொரு புரதம் இருக்கிறது, அம்மோனியம் குளோரைடும் அதே புரதத்தைத்தான் கிளப்புகிறது என்று எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஆக, நான் உப்பு என்று எழுதியதை நாக்கு புளிப்பின் கதவு வழியாகவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எந்தப் பெயரிலும் அடங்காத சுவையாக ஏன் பட்டது என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது.

விளையாட்டில்லாத ஒரு விஷயம். அதிமதுரத்தின் இனிப்பு கிளைசிரைசின் என்ற பொருளிலிருந்து வருகிறது. அதிகமாகப் போனால் உடலில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். 40 வயது தாண்டியவர்கள் கறுப்பு அதிமதுர மிட்டாயை நாளுக்கு 57 கிராம் வீதம் இரண்டு வாரம் சாப்பிட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆசைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

மே 9

எதிர்பாராத திருப்பம். பையன் நேற்று வந்தபோது தானாகவே பாக்கெட்டைத் தேடி எடுத்து ஒன்றைப் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். "நல்லா இல்லை, ஆனா அது எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு" என்றான். இன்றும் ஒன்று. இன்று துப்பவில்லை.

நானும் அப்படித்தான், இதுவரை ஆறு சாப்பிட்டிருப்பேன், நாலாவதில் அந்த நெடி பயமுறுத்துவதை நிறுத்திவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தாலே ஒரு பொருள் பிடித்துப்போக ஆரம்பிக்கும் என்று 1968-ல் ராபர்ட் ஜயோன்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். அவர் காட்டியது சொற்களையும் முகப் படங்களையும் வைத்து. சின்னக் குழந்தைகளுக்குப் புதிய உணவைப் பழக்குகிறவர்கள் பத்து முறையாவது கொடுத்துப் பாருங்கள் என்று சொல்வதும் இதே கணக்குதான். இந்த வீடியோக்கள் மீது எனக்குள்ள உண்மையான வருத்தம் இங்கேதான் இருக்கிறது. நடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு நாடே குழந்தையிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த ஒரு மிட்டாய்க்கு ஒரே ஒரு கடி கொடுத்து, அந்தக் கடியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த பாக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். பயம் தீருவதற்கு முன்பே வீடியோ முடிந்துவிடுகிறது.

மே 10

வெள்ளை முயல் மிட்டாய் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். வெளி உறையைப் பிரித்ததும் உள்ளே மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடி போல இன்னொரு மெல்லிய தாள் இருக்கும். நான் அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்கப் பார்த்தேன், கிழிந்து கிழிந்து வந்தது. அது எடுக்க வேண்டியதே இல்லை, அரிசி மாவுச்சத்தில் செய்த, சாப்பிடும் தாள். நாக்கில் பட்ட மூன்றாவது விநாடி கரைந்து காணாமல் போகும், அதற்குப் பிறகுதான் பாலின் சுவை தொடங்கும். மிட்டாயை விட எனக்கு அந்தத் தாள் கரைகிற கணம் பிடித்திருக்கிறது. 1972-ல் நிக்ஸன் சீனாவுக்குப் போனபோது சோ என்லாய் அவருக்கு இந்த மிட்டாயைப் பரிசாகக் கொடுத்தாராம். அவரும் தாளைச் சுரண்டினாரா என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

மே 13

"அப்படியானால் ஸ்வீடன்காரர்களின் அழுகிய மீனும் நாலு முறை சாப்பிட்டால் பிடித்துவிடுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுர்ஸ்ட்ரோமிங்கைச் சொல்கிறார். நான் சாப்பிட்டதில்லை. ஆனால் அதைத் திறக்கும் வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் நடப்பது என்னவென்று பிறகுதான் புரிந்தது.

அது அழுகியது இல்லை, நொதித்தது. பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனைக் கொஞ்சமாக உப்புப் போட்டு நொதிக்க விடுகிறார்கள், டப்பாவில் அடைத்த பிறகும் நொதித்தல் நடந்துகொண்டே இருப்பதால்தான் டப்பா உப்பிப்போய் வருகிறது. ஸ்வீடனில் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை புதிய டப்பாக்கள் வரும் நாள். திறப்பது வெட்டவெளியில். சிலர் தண்ணீருக்குள் முக்கிவைத்துத் திறப்பார்கள், அழுத்தத்தில் சாறு பீய்ச்சி அடிக்காமல் இருக்க. பிறகு மீனைச் சுத்தம் செய்து, சின்னத் துண்டாக எடுத்து, மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து மடித்துச் சாப்பிடுவார்கள். வீடியோவில் நடப்பது வேறு. மூடிய அறை, நடுமேஜையில் டப்பா, திறந்ததும் முகத்தில் சாறு, அப்புறம் முழு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் இறக்குவது. அப்படிச் சாப்பிட்டால் ஸ்வீடன்காரரும் ஓடத்தான் செய்வார்.

வெஜிமைட்டுக்கும் இதே கதி. 1920-களில் மெல்போர்னில், பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து சிரில் காலிஸ்டர் உருவாக்கிய பசை அது. கன்னங்கரேல் என்று சாக்லேட் பூச்சு போல இருப்பதால் ஒரு ஸ்பூன் முழுக்க அள்ளி வாயில் போடுகிறார்கள். உப்பும் குளூட்டமேட்டும் செறிந்த பொருளை யாராவது ஸ்பூனில் அள்ளுவார்களா? சுட்ட ரொட்டியில் வெண்ணெய் தாராளமாக, அதன் மேல் வெஜிமைட் கத்தி நுனியில் தொட்ட அளவு, ரொட்டியின் நிறம் அடியில் தெரிய வேண்டும். அப்படிச் சாப்பிட்டேன். வறுத்த வெங்காயத்தின் ஞாபகம் வந்தது. குப்பி பாதி காலி.

மே 14

ஒரு சொல் விட்டுப்போனது. தின்பண்டம் தனியாக வருவதில்லை, கூட உண்ணும் பொருளும், உண்ணும் அளவும், உண்ணும் இடமும் சேர்ந்துதான் வருகிறது. பார்சலில் வருவது அதில் கால்வாசி.

மே 18

புல்டாக் நூடுல்ஸ் பற்றி இரண்டு பேர் கேட்டாயிற்று. தின்பண்டக் கணக்கில் சேராது என்றாலும் இந்த வகை வீடியோக்களில் பாதி அதுதான், ஆகவே எழுதுகிறேன்.

2012-ல் சம்யாங் நிறுவனம் கொண்டுவந்தது. காரம் என்பது சுவையே இல்லை, வலி. மிளகாயின் கேப்சைசின் போய் உட்காரும் டிஆர்பிவி 1 என்ற ஏற்பி, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் சுடுகிறது என்று சொல்வதற்காக உடலில் இருப்பது. அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதனால்தான் காரம் தின்றவர் "எரியுது" என்கிறார், நரம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. தண்ணீர் குடிப்பதில் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலைக் குடியுங்கள். வீடியோவில் மேஜை ஓரம் பால் டம்ளர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அவர் விஷயம் தெரிந்தவர்.

நான் மசாலாவில் பாதியை மட்டும் போட்டுச் சாப்பிட்டேன், கண்ணில் நீர் வந்தது, அடுத்த நாளும் சாப்பிட்டேன். பையனுக்குக் கொடுக்கவில்லை, அழுதான், அப்படியும் கொடுக்கவில்லை. 2024 ஜூனில் டென்மார்க் அரசு இந்த நூடுல்ஸில் மூன்று வகைகளைக் காரம் அதிகம் என்று கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது, அடுத்த மாதமே இரண்டை அனுமதித்துவிட்டது. அது செய்தியாகி எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு முந்தைய வருடம், 2023 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 14 வயதுப் பையன் ஒருவன் சவாலுக்காக விற்கப்பட்ட ஒற்றைக் கார சிப்ஸைச் சாப்பிட்ட அன்றே இறந்துபோனான். பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்தது, அதிக அளவு கேப்சைசினும் சேர்ந்துகொண்டது என்று பிறகு தெரியவந்தது. அந்த சிப்ஸை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, யார் அதிகக் காரம் தின்கிறார்கள் என்று பந்தயம் கட்டுகிற வீடியோவை என்னால் பார்க்க முடியவில்லை. குழந்தைகள் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள், அவர்கள் அழட்டும்.

மே 25

சத்தத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்து நினைக்கிறேன்.

நான் பார்க்கிற வீடியோக்களில் பாதியில் பேச்சே கிடையாது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கடிக்கிறார்கள். உறை கிழிகிற சரக், குச்சி முறிகிற டிக், அப்புறம் மொறுமொறு. போக்கியின் பெயரே சத்தம்தான், குச்சி முறியும் ஒலியை ஜப்பானியர்கள் போக்கின் என்பார்கள், 1966-ல் கிளிக்கோ நிறுவனம் அதையே பெயராக வைத்தது.

2004-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ ஜம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை ஒரு மைக் முன்னால் பிரிங்கிள்ஸ் கடிக்கவைத்து, அந்தக் கடிச் சத்தத்தை அவர்கள் காதுக்கே ஹெட்போன் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். நடுவில் சத்தத்தை மட்டும் மாற்றினார்கள். சத்தம் கூடும்போதும், கீச்சென்ற மேல் ஸ்தாயியைத் தூக்கிவிடும்போதும், சாப்பிட்டவர்கள் சிப்ஸ் புதுசு, மொறுமொறுப்பு என்றார்கள். தணித்தபோது நமத்துப்போனது என்றார்கள். பிரிங்கிள்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம், மாவாகப் பிசைந்து அச்சில் வார்ப்பதால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிரிக்கவைத்து, அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுக்கான இக் நோபல் 2008-ல் இதற்குக் கிடைத்தது.

இதை நாங்கள் வீட்டில் செய்தோம், யோசனை பையனுடையது. உமைபோ என்பது உள்ளே ஓட்டையுள்ள நீளமான சோளப் பொரி. 1979-லிருந்து 2022 வரை ஜப்பானில் பத்து யென்னுக்கே விற்றார்கள், பிறகுதான் பன்னிரண்டு ஆனது. ஒன்றைப் பிரித்து இரண்டு நாள் திறந்தே வைத்தோம், நன்றாக நமத்துவிட்டது. பிறகு யாரோ மொறுமொறு என்று கடிக்கிற வீடியோவை ஹெட்போனில் போட்டுக்கொண்டு, அவர் கடிக்கிற நேரத்தில் நானும் கடித்தேன். பத்து கடியில் மூன்று கடி அவர் தாளத்தோடு சேர்ந்தது. சேர்ந்த மூன்றிலும் வாயில் இருந்தது மொறுமொறுத்தது. பல் மெத்தென்று இறங்குகிறது, அது நன்றாகவே தெரிகிறது, ஆனாலும் மொறுமொறுக்கிறது. பையன் பிடுங்கி அவனும் போட்டுப் பார்த்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் முன்னால் வருகிறது என்றான்.

மே 26

"அமெரிக்கச் சாக்லேட்டில் வாந்தி நெடி அடிக்கிறது என்று ஐரோப்பியர்கள் வீடியோ போடுகிறார்களே, அதுவும் நடிப்பா" என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. நெடி என்கிற அந்தப் பொருள் பியூட்டிரிக் அமிலம். வாந்தியிலும் உண்டு, பார்மேசான் சீஸிலும் உண்டு. 2001-ல் ரேச்சல் ஹெர்ஸும் ஜூலியா வான் கிளெஃப்பும் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே வகை அமிலக் கலவையை முகரக் கொடுத்து, ஒரு முறை சீஸ் என்றும் இன்னொரு முறை வாந்தி என்றும் பெயர் சொன்னார்கள். பெயர் மாறியதும் பிடித்தமும் மாறியது. வீடியோவின் தலைப்பிலேயே 'உலகிலேயே மோசமான மிட்டாய்' என்று எழுதிவிட்டு அதைப் படித்துக்கொண்டே கடித்தால் என்ன ஆகும்? மே 4 அன்று பையனிடம் முன்கூட்டி எதுவும் சொல்லாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 1

மற்றவர் சாப்பிடுவதை ஏன் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. கொரியாவில் 2010-ஐ ஒட்டி முக்பாங் என்று தொடங்கியது, சாப்பிடுதல், ஒளிபரப்பு என்ற இரண்டு கொரியச் சொற்களை வெட்டி ஒட்டிய பெயர். தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். பிறகு அது பெருந்தீனியாக வளர்ந்து, உணவை வீணாக்கக் கூடாது என்று சீனா 2021-ல் கொண்டுவந்த சட்டத்தில் பெருந்தீனி வீடியோவுக்கு ஒரு லட்சம் யுவான் வரை அபராதம் வைக்கும் அளவுக்குப் போனது.

என் கதை வேறு. 2021-ல் கோவிட் வந்து எனக்கு வாசனை போய்விட்டது. நாக்கு வேலை செய்தது, உப்பு தெரியும், புளிப்பு தெரியும், அவ்வளவுதான் தெரியும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு வாயிலிருந்து மூக்கின் பின்வழியாக ஏறுகிற வாசனை என்பதை அப்போதுதான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிட்டாயைப் போடுங்கள், இனிப்பு மட்டும் இருக்கும், என்ன பழம் என்று சொல்ல முடியாது, விரலை எடுத்ததும் பழம் வந்து நிற்கும். எனக்கு ஏழு வாரம் அந்த விரலை எடுக்க முடியவில்லை. சாப்பாடு ஈரமாகவும் சூடாகவும் இருந்தது, வேறு எதுவாகவும் இல்லை.

அந்த ஏழு வாரமும் ராத்திரி ராத்திரி இந்த வீடியோக்களைத்தான் பார்த்தேன். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் முன்பின் தெரியாத ஒன்றைக் கடித்து, மென்று, கண்ணை மேலே தூக்கி, "முதலில் எலுமிச்சை, பிறகு ஏதோ பூ" என்று தேடித் தேடிச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாய் ஊறும். முகத்தைக் கோணுகிறவர்களை அப்போதே தாண்டிப் போய்விடுவேன், தேடிச் சொல்கிறவர்களிடம் நின்றுவிடுவேன். திரும்பி வந்தபோது வாசனை கோணலாகத்தான் வந்தது, காப்பி பல நாள் கருகிய ரப்பராக இருந்தது. குடித்துக் குடித்து ஒருநாள் காலை அது காப்பியானது. சால்மியாக்கியை நாலு முறை பொறுத்துக்கொண்டதற்கு அந்தக் காப்பிதான் காரணம் என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

ஜூன் 8

துபாய் சாக்லேட்டை யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆச்சரியம். 2021-ல் துபாயில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது. உள்ளே பிஸ்தா பசை, வெண்ணெயில் வறுத்த கதாயிஃப் என்ற நூல் போன்ற மாவு, எள் பசை. 2023 டிசம்பரில் ஒரு பெண் காருக்குள் உட்கார்ந்து அதைக் கடிக்கிற டிக்டாக் வீடியோ கோடிக்கணக்கானவர்களைப் போய்ச் சேர்ந்தது. 2025 ஏப்ரலுக்குள் உலகச் சந்தையில் பிஸ்தாப் பருப்பு பவுண்டுக்கு 7.65 டாலரிலிருந்து 10.30 டாலருக்கு ஏறிவிட்டது. விளைச்சல் குறைந்ததும் காரணம், ஆனால் மொறுமொறு சத்தத்துக்கும் பங்கு உண்டு. பெட்டியில் அதன் நகல் ஒன்று இருந்தது. நன்றாக இருந்தது. வீடியோவில் கேட்ட சத்தம் மட்டும் வரவில்லை.

ஜூன் 15

மே 3 அன்று எழுதிய பாதி நடிப்பு, பாதி நிஜம் என்ற கணக்கை மாற்றிக்கொள்கிறேன். பையனின் இரண்டாவது வீடியோவை நடிப்பு என்று தள்ள எனக்கு இப்போது மனம் வரவில்லை. முதல் முறை அவனுக்கு நேர்ந்தது வெளியே தெரியவில்லை, அதை எதிரில் இருப்பவருக்குத் தெரியவைக்கத்தான் நாற்காலியிலிருந்து விழுந்தான். உள்ளே நடந்தது பெரிசு, முகம் சின்னது. கேட்டவர் பொய் என்றார், நான் பாதிப் பொய் என்றேன். இரண்டும் அவனுக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

அவனிடம் இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். முதலில் மறுத்தான். பிறகு முதல் வீடியோ, அடுத்து விழுகிற வீடியோ, கடைசியில் நேற்று எடுத்தது என்று மூன்றையும் ஒட்டினான். நேற்றைய வீடியோவில் சால்மியாக்கியை வாயில் ஒதுக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான், முகத்தில் ஒன்றுமே இல்லை. குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். அக்கா ஏழு முறை பார்த்துவிட்டாள்.

ஜூன் 16

சால்மியாக்கி தீர்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் எழுத்துப் புரியாத பாக்கெட் ஒன்று மிச்சம், குலுக்கினால் மணல் போலச் சரசரக்கிறது. சனிக்கிழமை பையன் வருகிறான். என்னவென்று தோழியிடம் கேட்கப் போவதில்லை.